டீயை விடுங்க... பாஸ்புக்கைப் பாருங்க! - முந்திரிக்காட்டு ஊரின் செலவுக் கணக்கு

2023 செப்டம்பர் 15. கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கிய நாள். 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டு, வங்கிக் கணக்குகளில் பணம் ஏறியது. போனில் எஸ்.எம்.எஸ் வந்த சந்தோஷம் பலருக்கு. ஆனால், சிலருக்கு அதன் பின்னாலேயே இன்னொரு எஸ்.எம்.எஸ் வந்தது. குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கான கட்டணம் என்று, வந்த பணத்திலேயே கைவைத்திருந்தன சில வங்கிகள்.

விஷயம் பெரிதானது. அப்போது நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு, உரிமைத்தொகையை வேறு எந்தக் கட்டணத்துக்காகவும் வங்கிகள் பிடிக்கக் கூடாது என்றும், பிடித்தால் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் புகார் செய்யலாம் என்றும் அறிவித்தார்.

அரசுப் பணம் என்பதால் அது செய்தியானது. மற்றபடி, இதுபோன்ற பிடித்தங்கள் வருடம் முழுக்க, ஊர் முழுக்க நடந்துகொண்டுதான் இருக்கின்றன. வீண் செலவு என்றதும் நமக்கு டீக்கடையும் பிரியாணிக் கடையும்தான் ஞாபகம் வருகின்றன. பாஸ்புக் ஞாபகம் வருவதில்லை.

சீசனில் வரவு... தினமும் செலவு!

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். செம்மண் மேடுகளில் முந்திரித் தோப்புகள் இருக்கும் பகுதி. தை, மாசியில் பூ. பங்குனி தொடங்கி வைகாசி வரை பறிப்பு. கொட்டை விற்ற காசு வீட்டுக்குள் வருவது அந்த இரண்டு, மூன்று மாதங்களில்தான். பூக்கிற நேரத்தில் மழை பெய்துவிட்டாலோ, தேயிலைக் கொசு தாக்கிவிட்டாலோ அந்த வருடக் கணக்கே வேறு.

தோப்பு இல்லாதவர்களுக்கும் வரவு இப்படித்தான். கூலி வேலை, 100 நாள் வேலை, சிமென்ட் ஆலைகளைச் சுற்றிய ஒப்பந்த வேலை, லாரி ஓட்டம், வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பும் பணம்... ஒரு மாதம் கை நிறைய வரும். அடுத்த இரண்டு மாதம் ஒன்றும் வராது.

சிக்கன டிப்ஸ் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வீடுகளை நினைத்து எழுதுவதில்லை. சம்பளத்தில் 50 சதவிகிதம் அத்தியாவசியத்துக்கு, 30 சதவிகிதம் ஆசைக்கு, 20 சதவிகிதம் சேமிப்புக்கு என்று ஒரு கணக்கு யூடியூபில் சுற்றுகிறது, பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் எலிசபெத் வாரனும் அவர் மகளும் சேர்ந்து எழுதிய புத்தகம் 2005-ல் பிரபலமாக்கிய கணக்கு அது. 1-ம் தேதி சம்பளம் வருகிறவர்களுக்குச் சரி. சித்திரையில் வருகிற பணத்தை வைத்து ஐப்பசியில் அடுப்பெரிக்க வேண்டிய வீட்டில், எந்த மாதத்தின் 50 சதவிகிதத்தைப் பிரிப்பது?

டீ தானாக நிற்கும்... இது நிற்காது!

ஒரு டீ 12 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இரண்டு என்றால் வருடத்துக்கு 8,760 ரூபாய். கேட்கும்போது பகீரென்று இருக்கும். டீயைப் பாதியாகக் குறைத்தால் 4,380 ரூபாய் மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால், டீக்கடைதான் பல ஊர்களில் வேலைத்தகவல் கிடைக்கும் இடம். எந்தத் தோப்புக்கு ஆள் தேவை, எங்கே கான்கிரீட் போடுகிறார்கள் என்பதெல்லாம் அந்த பெஞ்சில்தான் தெரியவரும். அதை வீண் செலவு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு முக்கியமான வித்தியாசமும் உண்டு. கையில் காசில்லாத நாளில் டீ தானாக நின்றுவிடும். ஆட்டோபே நிற்காது. 28 நாள் ரீசார்ஜ் நிற்காது. தண்டல்காரர் வருகை நிற்காது. நமக்கு வரவே இல்லாத மாதத்திலும் வாசலில் வந்து நிற்கிற செலவுகள் இவை. சீசன் வருமானக் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது இவற்றைத்தான்.

அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. செலவை ரூபாயில் பார்க்காமல் வேலை நாளில் பாருங்கள். 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். அதை வைத்தே இனி கணக்குப் போடுவோம். உங்கள் கூலி வேறு என்றால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ்புக்கில் பார்க்க வேண்டியவை

முதல் வேலை, பாஸ்புக்கை வங்கியில் கொடுத்து என்ட்ரி போட்டு வாங்குவது. ஒரு வருட என்ட்ரியை உட்கார்ந்து படியுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுக்காமல் போன பணம் எது என்று பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் முதல் வட்டம் குறைந்தபட்ச இருப்புக் கட்டணத்தில் விழும். ஸ்டேட் பேங்க் 2020-லேயே சேமிப்புக் கணக்குகளுக்கு இதை எடுத்துவிட்டது. இந்தியன் வங்கி, கனரா, பஞ்சாப் நேஷனல் போன்ற பொதுத்துறை வங்கிகள் 2025-ன் நடுவில் எடுத்தன. ஆனால், எல்லா வங்கிகளிலும் எல்லாக் கணக்குக்கும் இது போய்விடவில்லை. கட்டணம் வசூலிக்கிற வங்கியும், இருப்பு குறைந்ததை முன்கூட்டியே சொல்லி, சரிசெய்ய ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இந்தக் கட்டணத்தைப் பிடித்துப் பிடித்துக் கணக்கை மைனஸில் கொண்டுபோகவும் கூடாது.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், கணக்கை 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு' ஆக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுக்கலாம். ஜன்தன் கணக்குகள் இந்த வகைதான். குறைந்தபட்ச இருப்பு கிடையாது, ஏ.டி.எம் கார்டுக்குக் கட்டணம் கிடையாது. ஒரே நிபந்தனை, அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது.

அடுத்த வட்டம் ஏ.டி.எம். சாதாரணச் சேமிப்புக் கணக்கென்றால், சொந்த வங்கி ஏ.டி.எம்மில் மாதம் 5 முறை இலவசம். செந்துறை மாதிரி பெருநகரம் அல்லாத ஊர்களில் மற்ற வங்கி ஏ.டி.எம்மிலும் 5 முறை. அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை, கூடவே வரி. இது 2025 மே 1 முதல். பலர் கவனிக்காத விஷயம், மற்ற வங்கி ஏ.டி.எம்மில் பணம் எடுக்காமல் 'பணம் ஏறிடுச்சா' என்று இருப்பை மட்டும் பார்த்தாலும் அது ஒரு முறையாகக் கணக்கில் சேரும். எல்லா முக்கிய வங்கிகளுக்கும் மிஸ்டு கால் எண் இருக்கிறது. பதிவுசெய்த போனிலிருந்து ஒரு ரிங் விட்டால் இருப்பு எஸ்.எம்.எஸ்ஸில் வந்துவிடும்.

மூன்றாவது வட்டம்தான் மோசமானது. டிவி, பைக், குழுக்கடன் என்று எதற்காவது மாதத் தவணை போட்டிருப்பீர்கள். 5-ம் தேதி கணக்கில் பணம் இல்லை என்றால் தவணை திரும்பிவிடும். அதற்கு வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும். பல வங்கிகளில் இது 250 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை, அதற்கு மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. கடன் கொடுத்த நிறுவனமும் தன் பங்குக்கு ஒன்று போடும். ஒரு முறை தவறினால் ஒன்றிரண்டு நாள் கூலி அப்படியே போய்விடுகிறது, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல். கடன் வாங்கும்போதே, உங்களுக்குப் பணம் வருகிற தேதிக்குப் பிறகு தவணைத் தேதி வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். பல இடங்களில் மாற்றித் தருகிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

'வட்டியில்லாத் தவணை' என்ற போர்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ரொக்கம் கொடுத்தால் என்ன விலை என்று அதே கடையில் கேட்டுப்பாருங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும்.

வருடத்துக்கு 13 மாதம்!

மொபைல் நிறுவனங்களின் காலண்டரில் மாதத்துக்கு 28 நாள். 365-ஐ 28-ஆல் வகுத்தால் வருடத்துக்கு 13 ரீசார்ஜ். 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு, தினம் 1.5 ஜி.பி தரும் ஜியோவின் 28 நாள் பிளான் 299 ரூபாய் ஆனது. 13 முறை போட்டால் 3,887 ரூபாய். பதினொன்றரை நாள் கூலி.

இது பிள்ளைகளின் போனுக்கு அவசியமாக இருக்கலாம். பட்டன் போன் வைத்திருக்கும் அப்பாயிக்கு எதற்கு தினம் 1.5 ஜி.பி? அவர் பேசுகிறார், பேச்சைக் கேட்கிறார், அவ்வளவுதான். இதற்காகவே, பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்ஸுக்கும் மட்டும் தனி பிளான் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் ஜியோ 1,748 ரூபாய்க்கும், ஏர்டெல் 1,849 ரூபாய்க்கும் ஒரு வருடத்துக்கு நெருக்கமான பேச்சு மட்டும் பிளான்களைக் கொண்டுவந்தன. ஒரு போனில் மட்டும் 2,000 ரூபாய் மிச்சம், அதாவது 6 நாள் கூலி. கடையில் 'ரீசார்ஜ் போடுங்க' என்று மட்டும் சொன்னால் இந்த பிளானைப் போட மாட்டார்கள். 'டேட்டா வேணாம், பேச மட்டும்' என்று சொல்ல வேண்டும். விலை மாறிக்கொண்டே இருக்கும், அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு, ஆட்டோபே. சினிமா ஆப், பாட்டு ஆப், ஜாதக ஆப், ஆங்கிலம் கற்றுத்தரும் ஆப் என்று எதிலாவது 1 ரூபாய், 2 ரூபாய் 'டிரையல்' போட்டிருந்தால், யு.பி.ஐ ஆப்பைத் திறந்து ஆட்டோபே அல்லது மேன்டேட் என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பெயர்களில் பாதி உங்களுக்கு மறந்தே போயிருக்கும். மாதம் 149 ரூபாய் என்றால் வருடத்துக்கு 1,788. ஐந்து நாள் கூலிக்கு மேல். பணம் பிடிக்க 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி. அந்தத் தகவல் வரத்தான் செய்கிறது, நூறு விளம்பர எஸ்.எம்.எஸ்ஸுக்கு நடுவில்.

சேருவதற்கு ஒரே தட்டு, விலகுவதற்குப் பத்துப் பக்கம் என்று வைத்திருக்கும் ஆப்களின் தந்திரத்துக்கு 'சந்தாப் பொறி' என்றே மத்திய அரசு பெயர் வைத்திருக்கிறது. 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதலில் தடைசெய்யப்பட்ட 13 தந்திரங்களில் அதுவும் ஒன்று. மாட்டிக்கொண்டால் நுகர்வோர் உதவி எண் 1915.

கடலூர் ஷாம்பூ சொன்ன பாடம்

'மொத்தமா வாங்கினா லாபம்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மை. ஷாம்பூ விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்ல முடியாது.

பக்கத்து மாவட்டமான கடலூரில்தான் அந்தக் கதை தொடங்கியது. மொத்தமாக வாங்க வசதியில்லாதவர்களுக்கும் பொருள் போய்ச்சேர வேண்டும் என்று சின்ன பாக்கெட்டுகளை நம்பியவர் சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன்கள் 'வெல்வெட்' ஷாம்பூவை பாக்கெட்டில் விற்றார்கள். அவர்களில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியாகத் தொடங்கியதுதான் 'சிக்' ஷாம்பூ. பின்னாளில் கெவின்கேர். பெரிய நிறுவனங்களும் இந்தப் போட்டியில் இறங்க, இன்றைக்குப் பல ஷாம்பூக்களில் பாக்கெட்டைவிட பாட்டிலில்தான் ஒரு மில்லியின் விலை அதிகம். நம்பிக்கை இல்லை என்றால் கடையில் இரண்டையும் எடுத்து வகுத்துப் பாருங்கள்.

மற்ற பொருள்களில் கதை தலைகீழ். 5 ரூபாய் பிஸ்கட், 10 ரூபாய் மிக்சர் பாக்கெட்டுகளின் விலை ஏறாது. எடை இறங்கும். சமையல் எண்ணெயும் அப்படித்தான். 1 லிட்டர் எண்ணெய் என்பது சுமார் 910 கிராம். பார்க்க அதே சைஸில் இருக்கும் பாக்கெட்டில் 850 கிராமோ 800 கிராமோ இருக்கலாம். முன்பு இவ்வளவு எடையில்தான் விற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. 2022-ல் அது எடுக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக, ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்று விதி வந்தது. எம்.ஆர்.பி-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். இரண்டு பாக்கெட்டை ஒப்பிட அந்த ஒரு எண் போதும்.

மாதம் 10 ரூபாய் வட்டி

சில்லறையாக வாங்குவதில் மிக விலை உயர்ந்த பொருள் எது தெரியுமா? பணம்தான்.

தண்டல் கணக்கு எல்லோருக்கும் தெரியும். 10,000 ரூபாய் கடன் என்பார்கள். 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். '1,500 ரூபாய்தானே' என்று தோன்றும். ஆனால், முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறோம். முழு 8,500-ம் 100 நாள் நம் கையில் இருப்பதே இல்லை. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வட்டி வருடத்துக்கு சுமார் 120 சதவிகிதம். நம் ஊர் பாஷையில் நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டி! 2003-ல் வந்த தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம், மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லித்தான் தடைசெய்கிறது.

மகளிர் சுயஉதவிக் குழுக்களின் உள்கடனுக்கு மாதம் 1 ரூபாய், 2 ரூபாய் வட்டிதான் வழக்கம். 1989-ல் தர்மபுரியில் இந்தக் குழுக்கள் தொடங்கப்பட்டதே வெளி வட்டியிலிருந்து பெண்களை மீட்கத்தான். நிலம் இருப்பவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் 7 சதவிகிதம். தவணைக்குள் கட்டிவிட்டால் அந்த வட்டியும் இல்லை. இங்கெல்லாம் பேப்பர் கேட்பார்கள், அலைய விடுவார்கள், நாளாகும். தண்டல்காரர் வாசலுக்கே வந்து தருகிறார். வித்தியாசமே அதில்தான் இருக்கிறது. அதனால் பணம் தேவைப்படாத நேரத்திலேயே சங்கத்தில் உறுப்பினராகி, பேப்பரைத் தயாராக வைத்திருப்பது நல்லது. ஐப்பசி மழையில் போய் நின்றால் வேலை நடக்காது.

888 ரூபாய் எங்கே?

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் இலவசப் பேருந்துத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. தினமும் பஸ்ஸில் போகிறவர் என்றால், இது உரிமைத்தொகைக்கு ஏறக்குறைய சமமான பணம். ஆனால் இது மெசேஜ் போட்டு வரவில்லை. போகாமல் இருந்தது, அவ்வளவே. அதனால், கையில் பிடிக்க முடிவதில்லை. ஒரே வழி, முன்பு டிக்கெட்டுக்குக் கொடுத்த காசை இப்போதும் எடுத்துத் தனி டப்பாவில் போடுவதுதான். கேட்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். செய்து பாருங்கள்.

ரேஷனும் இப்படித்தான். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 'இந்த மாசம் போகலை' என்று விட்டுவிட்டு மளிகைக் கடையில் அதே பருப்பை 100 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குகிறோம். வாங்காமல் விடுகிற ரேஷன் பருப்பை யாரும் செலவு என்று எழுதி வைப்பதில்லை.

சித்திரையிலேயே கட்டிவிடுங்கள்

இனி, முந்திரிக் காசு கையில் இருக்கும்போது என்ன செய்வது? வழக்கமாக நகை, பைக், கல்யாணச் செய்முறை. செய்முறையை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். வங்கி எட்டிப் பார்க்காத காலத்திலிருந்தே நம் ஊர்களில் மொய்தான் வட்டியில்லாக் கடன். நோட்டில் எழுதி வைத்திருந்தால் போதும்.

ஆனால், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நாள் ஒதுக்கி, அடுத்த பத்து மாதமும் துண்டு துண்டாகக் கட்டப்போகிறவற்றை ஒரே தடவையில் கட்டிவிடுங்கள். அப்பாயியின் போனுக்கு ஒரு வருட ரீசார்ஜ். வட்டி அதிகமான கடன் எதுவோ அதை முதலில் முடிப்பது. மைக்ரோ ஃபைனான்ஸ் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது, தைரியமாகக் கேளுங்கள். கெடாத மளிகைச் சாமான்களான புளி, மிளகாய், பருப்பு, சோப்பு ஆகியவற்றை எடை பார்த்து மொத்தமாக வாங்கிவிடலாம். மாதச் சம்பளக்காரர் இப்படிச் செய்யாவிட்டால் பெரிய நஷ்டமில்லை. சீசன் வருமானக்காரருக்கு, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எதுவுமே வாசலில் வந்து நிற்காது.

மறக்கக் கூடாத ஒரு தேதியும் இந்தச் சீசனிலேயே வருகிறது. பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய், சுரக்‌ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய். இரண்டும் மே 25-லிருந்து 31-க்குள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். தலா 2 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு என்பதால் இது வீண் செலவு இல்லை. ஆனால் இரண்டு வங்கியில் கணக்கு வைத்து, இரண்டிலும் கையெழுத்துப் போட்டிருந்தால் இரண்டிலும் பிடிப்பார்கள். இழப்பீடு கிடைப்பதோ ஒன்றுக்குத்தான். மே 25-க்கு முன்பாக ஏதாவது ஒரு வங்கியில் எழுதிக் கொடுத்து நிறுத்திவிட்டு, இன்னொன்றில் 456 ரூபாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.